முதல் பாதி மட்டும் சொல்லிப் பழகியவன்

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு அடுத்தவர்கள் செய்யும் தப்புகள் தெரிய ஆரம்பிக்கும். சாதாரண நாளில் கண்ணில் படாததெல்லாம் அப்போது பளிச்சென்று தெரியும். கதவை ஏன் இப்படிச் சாத்தினாய், செம்பை ஏன் அங்கே வைத்தாய், இந்த மனுஷன் ஏன் இப்படி இருமுகிறான். என் மனைவிக்கு மார்பில் இருப்பது கெட்ட கட்டிதான் என்று டாக்டர் சொன்ன அன்று, நான் நேராக வெளியே வந்து ஆஸ்பத்திரி செக்யூரிட்டியிடம், வண்டி நிறுத்தப் போட்டிருக்கும் வெள்ளைக் கோடு கோணலாக இருக்கிறது என்று சண்டை போட்டேன். அவர் பாவம், கோடு போட்டவர் இல்லை. ஆனால் கோடு உண்மையிலேயே கோணல்தான். அதை இன்றைக்கும் சொல்வேன்.

ஊரில் எனக்குத் தமாஷ் பேர்வழி என்றுதான் பெயர். பாகூரிலிருந்து குருவிநத்தம் போகிற வழியில் எங்கள் தெரு. தெரு முனையில் மாதா கோயில். திருவிழாவில் மைக் பிடிப்பது நான். தேர் சக்கரம் மண்ணில் புதைந்து நின்றுபோனால் கூட்டத்தைக் கலையாமல் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பதும் நான். சாவு வீட்டில் சாமியார் வரத் தாமதமானால்கூட, அழுதுகொண்டிருப்பவர்களை மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்க வைத்துவிடுவேன். அப்புறம் வீட்டுக்கு வந்து, சோறு குழைந்துவிட்டது என்று கத்துவேன். மைக்கில் கேட்கிற ஆள் தெருவுக்கு. மைக் இல்லாத ஆள் என் மனைவிக்கு. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டோம். ஆக, மைக் இல்லாத ஆளைப் பங்குபோட்டுக்கொள்ளக்கூட அவளுக்கு வேறு யாரும் இல்லை.

நான் ஓட்டுவது கம்பெனி வேன். விடிந்ததும் எங்கள் பக்கத்து ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வில்லியனூர் வழியாகப் போய், மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு ஃபேக்டரி வாசலில் இறக்கிவிட வேண்டும். சாயந்திரம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். நடுவில் இருக்கிற பொழுது என்னுடையது. வைத்தியத்துக்கு அது வசதியாக இருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன்.

ஆபரேஷன் முடிந்தது. அப்புறம் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றுகிற மருந்து. முடி கொட்டியது, அதை எதிர்பார்த்திருந்தோம். எதிர்பார்க்காதது கால். மருந்து ஏற ஏற அவளுக்குப் பாதங்கள் இரண்டும் மரத்துப்போயின. “பஞ்சு மேல நடக்கற மாரி இருக்குதுங்க” என்றாள். ஒருநாள் மதகடிப்பட்டு ஜங்ஷனில் ரோட்டைக் கடக்கும்போது அவளுடைய ஒரு செருப்பு நடு ரோட்டிலேயே நின்றுவிட்டது. அவள் மட்டும் இந்தப் பக்கம் வந்துவிட்டாள், அது கழன்றதே தெரியாமல். லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடிக்க, நான் நடு ரோட்டில் செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“கால்ல செருப்பு இருக்கா இல்லியான்னு கூடவாடி தெரியாது?”

“தெரியலியேங்க” என்றாள்.

கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அது. நான் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள் பைக்கிலிருந்து இறங்கும்போது அவள் கணுக்கால் சைலன்சரில் பட்டிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் வெடுக்கென்று காலை இழுத்திருப்பார்கள். அவளுக்குச் சூடு தெரியவில்லை. வாசனை வந்த பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. பேஸ்ட்டைத் தடவி, மேலே துணியைச் சுற்றி, என்னுடைய பழைய சாக்ஸை மாட்டிக்கொண்டாள். கேட்டதற்குக் குளிருகிறது என்றாள். பாகூர் வெயிலில் தார் உருகிக்கொண்டிருக்கிறது, இவளுக்குக் காலில் குளிர். நான் நம்பினேன். நம்பிவிட்டு, வீட்டுக்குள் சாக்ஸோடு நடந்தால் வழுக்கி விழுவாய் என்று அதற்கும் கத்தினேன்.

அடுத்த முறை மருந்துக்குப் போனபோது நர்ஸ் சாக்ஸைக் கழற்றினார். புண் பழுத்திருந்தது. டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டார்கள். என் மகள் வயதுதான் இருக்கும்.

“ஏம்மா, இவ்ளோ நாளா ஏன் சொல்லல?”

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, “சொன்னா கத்துவாரு” என்றாள்.

“நான் எப்ப கத்துனேன்?” என்று நான் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்றால், அந்த வரிசையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு எழுந்து, தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று டோக்கனை நீட்டினார்.

டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிடவும் இல்லை. அவள் முன்னாலேயே சொன்னார். “இந்தப் புண்ணு ஆறுற வரைக்கும் மருந்து ஏத்த முடியாது சார். தள்ளிப் போடறேன். இன்னொண்ணு. இந்த மருந்துல எதிர்ப்புச் சக்தி சுத்தமா எறங்கிடும். ஜொரம் வந்தா உடனே இங்க வரணும். மாத்திரை போட்டுட்டு நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்தா ஆளைக் காப்பாத்த முடியாது. ஜொரம் வந்தது மொதல்ல தெரியப்போறது அவங்களுக்குத்தான். அதை அவங்க உங்ககிட்ட சொல்லணும். சொல்லுவாங்களா?”

“சொல்லுவா” என்றேன் நான்.

அவள் கழற்றிய சாக்ஸை மடித்துப் பையில் வைத்தாள்.  வீட்டுக்குக் கிளம்பினோம். கை பைக்கை ஓட்டியது, கால் கியர் போட்டது. வில்லியனூர் தாண்டியது எனக்கு நினைவே இல்லை. கணக்கு மட்டும் மண்டையில் நின்றது. இவளுக்கு ஜொரம் வரும். என்னிடம் சொல்லப் பயப்படுவாள். செத்துப்போவாள். இவ்வளவுதான் கணக்கு. எங்கே தப்பு என்று தேடிப் பார்த்தேன். முதல் தடவையாக அடுத்தவன் தப்பு ஒன்றும் அகப்படவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியிருந்தது. வழக்கமாக எங்கள் தெருவில் அந்த நாட்களில் கறி விடுவார்கள், குடி விடுவார்கள், காவி கட்டுவார்கள். நான் போன வருஷம் பீடியை விட்டு, அந்த எரிச்சலில் தெருவையே விரட்டினேன். இந்த வருஷம் நேராகச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குச் சாமியார் வெளியூர்க்காரர். அடுத்த ஊரில் பூசை வைக்கப் போகிற அவசரத்தில் இருந்தார். நான் செருப்புக் கதை, சாக்ஸ் கதை, டோக்கன் நீட்டியவர் கதை எல்லாவற்றையும் என் வழக்கப்படி தமாஷாகச் சொன்னேன். சாமியார் வாட்ச்சைப் பார்த்தார்.

“கோவம் வர்றதுக்கு முன்னாடி இன்னா வருது?” என்று கேட்டார்.

“பயம் ஃபாதர்.”

“அப்ப இவ்ளோ நேரம் அதைச் சொல்லாம வேற எல்லாத்தையும் சொல்லிக்கினு இருந்தியா?”

 பரிகாரம் கொடுத்தார். மனைவி எது சொன்னாலும், எது செய்தாலும், பதில் பேசுவதற்கு முன் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம். முழுசாக, நிதானமாக, மனதுக்குள். அப்புறம்தான் வாயைத் திறக்க வேண்டும்.

“எவ்ளோ நாளைக்கு ஃபாதர்?”

“ஈஸ்டர் வரைக்கும் பாரு. எனக்கு வண்டி வந்துடுச்சு, போ.”

சுலபமாகத்தான் தெரிந்தது. மாதாவின் மாதத்தில் தெருச் செபமாலைக்கு முன்னே நின்று நடத்துகிறவன் நான். என் வேகத்துக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஆனால் நடத்துகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. செபத்தின் முதல் பாதியை அவன் சொல்வான். இரண்டாம் பாதியைக் கூட்டம் சொல்லும். அந்த நேரத்தில் அவன் மூச்சு வாங்கிக்கொள்வான். இத்தனை வருஷத்தில் இரண்டாம் பாதியை நான் சொன்னதே இல்லை. இன்னொன்று, மனதுக்குள் சொல்லவும் எனக்கு வராது. கூட்டத்தோடு கத்திப் பழகிய வாய், தானாக அசையும்.

முதல் நாளே சோதனை. அவள் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிட்டாள். டேங்க் நிரம்பி, சுவர் வழியாக அருவி மாதிரி கொட்டி, வாசலில் காயப்போட்ட நெல் நனைந்து, நான் அதன் நடுவில் நிற்கிறேன். வாய் திறந்துவிட்டது. பரிகாரம் ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்து என் பாதியை முடித்தேன். முடித்துவிட்டு, பழக்கம், நின்றேன்.

சமையல்கட்டிலிருந்து இரண்டாம் பாதி வந்தது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல் அவள் சொல்லி முடித்தாள், ஆமென் வரைக்கும். எங்கள் ஆட்களில் யாராக இருந்தாலும் அப்படித்தான். முதல் பாதி காதில் விழுந்தால் இரண்டாம் பாதியைச் சொல்லாமல் இருக்க முடியாது. தும்மல் மாதிரி.

பிறகு, “யாருக்குங்க?” என்று கேட்டாள்.

“சும்மாதான்” என்றேன். பரிகாரத்தை வெளியே சொல்வது வழக்கமில்லை. எனக்கு வெட்கமும்தான்.

இப்படியே போயிற்று. அவள் மாத்திரை போட்டாயிற்றா இல்லையா என்று மறந்து நிற்பாள். நான் முதல் பாதி, அவள் இரண்டாம் பாதி. வாந்தி எடுப்பாள், நான் முதல் பாதி, அவள் வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் பாதி. நான் கத்தவில்லை என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் நாளுக்கு நாள் அடங்கிப்போனதை, என் சாந்தம் அவளையும் தொற்றிக்கொண்டது என்று எடுத்துக்கொண்டேன். புண் ஆறியது. மருந்து மறுபடி ஏற்றினார்கள். அவள் பீரோவைக் காலி செய்ய ஆரம்பித்தாள். இந்தப் பட்டுப் புடவை பொண்ணுக்கு, இந்தப் போர்வை பக்கத்து வீட்டு அண்ணிக்கு, மிக்ஸிக்கு இன்னொரு ஜார் பரண்மேல இருக்குது, உங்களுக்குத் தெரியணும் என்றாள். மிக்ஸி ஜார் எனக்கு எதுக்குடி என்று கேட்க வாய் வந்தது. அதற்கும் ஒரு முதல் பாதி சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் பாதியைச் சொன்னாள்.

ஒருநாள் காலை டிரிப் முடித்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்புகள். ஒன்றிரண்டு இல்லை, வாசல் நிறைய. உள்ளே பேச்சுச் சத்தம் இல்லை. எங்கள் ஊரில் வாசல் நிறையச் செருப்பும் உள்ளே அமைதியும் சேர்ந்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

என் வீரத்தை இங்கே பதிவு செய்ய வேண்டும். நான் உள்ளே ஓடவில்லை. வாசலில் நின்று, “எவ டி வழியில செருப்ப வுட்டது? மனுஷன் நடக்கறதா வேணாமா?” என்று செருப்புகளைப் பார்த்துக் கத்தினேன். ஒரு ஜோடியைக் காலால் எத்தினேன். அது பறந்து போய் கோழிக்கூண்டில் விழுந்தது. அப்போதும் உள்ளே போகக் கால் வரவில்லை. குனிந்து மிச்சச் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்க ஆரம்பித்தேன். கை தானாக அடுக்கியது. மண்டைக்குள் ஒன்றுமே ஓடவில்லை. டிவியை அணைத்த பிறகு கண்ணாடியில் நம் மூஞ்சி மட்டும் தெரியுமே, அப்படி இருந்தது.

“இன்னாங்க பண்றீங்க?” என்று குரல் கேட்டது. நிமிர்ந்தேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் டீத் தட்டோடு என் மனைவி நிற்கிறாள்.

உள்ளே தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஹார்லிக்ஸ், பிஸ்கட், சாத்துக்குடி. ஒருத்தி என்னைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நாற்காலியில், சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் கோயில் உபதேசியார். அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து, காதோடு காதாகக் கேட்டார்.

“மனசத் தேத்திக்கப்பா. எண்ண பூசறதுக்கு சாமியார எப்ப வரச்சொல்றது? நாளைக்கு அவருக்கு மீட்டிங் இருக்குதாம்.”

சாகக் கிடக்கிறவர்களுக்குத்தான் சாமியார் வந்து எண்ணெய் பூசுவது என்று எங்கள் தெருவில் இன்னும் நினைக்கிறார்கள். நான் அவரைப் பார்த்தேன். டீத் தட்டோடு நிற்கிற அவளைப் பார்த்தேன்.

“யாருக்கு?” என்றேன்.

பக்கத்து வீட்டு அண்ணிதான் எழுந்தார். “மறைக்காதய்யா. அவளுக்கே தெரிஞ்சிபோச்சு. டாக்டரு உன்கிட்ட மட்டும் இன்னா சொன்னாங்கன்னு சொல்லிடு. அவ வாயத் தொறந்தா நீ மந்திரம் சொல்றியாமே. தண்ணி குடுன்னா மந்திரம், மாத்திர எங்கன்னா மந்திரம். மூச்சு இழுக்கற ஆளுக்குத்தான காதுல அப்டிச் சொல்லுவாங்க?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் உயிர் பிரியப்போகிறவரைச் சுற்றி நின்று அதே செபத்தைத்தான் விடாமல் சொல்வோம். ஒருவர் முதல் பாதி, மற்றவர்கள் இரண்டாம் பாதி. அதை நான் பல வீட்டில் முன்னின்று நடத்தியிருக்கிறேன். நடத்துகிற ஆளே வீட்டில், தன் பெண்டாட்டியைப் பார்த்துப் பார்த்து அதைச் சொன்னால் அவள் வேறென்ன நினைப்பாள்?

எல்லோர் முன்னாலும் சொன்னேன். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, மருந்து கேட்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறார். மந்திரம் என் வாய்க்குச் சாமியார் போட்ட பூட்டு. கத்தாமல் இருக்க.

 முதலில் அண்ணி பொங்கிச் சிரித்தார். “அடப் பாவி! கோவத்துக்கு மாத்தரயாடா அது? வூடு வூடாப் போயி அழுதுட்டு வந்தேனே!” பெண்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்து சிரித்தார்கள். உபதேசியார் மட்டும், “அப்ப சாமியார் வேணாம்?” என்று உறுதி செய்துகொண்டார். ஒரு பெண் போகும்போது தன் ஹார்லிக்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். தன் செருப்பைக் கோழிக்கூண்டிலிருந்து எடுத்தவளும் அவள்தான். அதனால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

என் மனைவி சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு தம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப நான் சாவலியா?”

“இப்போதைக்கி இல்ல.”

“இத்தினி நாளும் செத்துட்டேன்னு நெனச்சிக்கினேதாங்க சோறாக்கினேன்.”

அதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. மோட்டார் போட்டேன் என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்கும் அழுகை வரவில்லை. ஒரு தமாஷ் சொல்லியிருக்கலாம், அதுவும் வரவில்லை. தம்ளர்களை வாங்கித் துடைத்து வைத்தேன். அவள் பயந்ததை என்னிடம் கேட்கவில்லை, அண்ணியிடம் கேட்டாள். என்னிடம் கேட்டால் கத்துவேன் என்று. இத்தனை செபத்துக்குப் பிறகும், ஜொரம் வந்தால் சொல்லுவாங்களா என்று டாக்டர் அம்மா கேட்ட கேள்வி அப்படியே நின்றது.

விஷயம் மறுநாளே வேனுக்குள் ஏறிவிட்டது. வில்லியனூர் கேட்டில் ரயிலுக்காக நிற்கும்போது ஒரு டூவீலர்க்காரன் குறுக்கே வந்து கண்ணாடியை இடித்தான். நான் வாயைத் திறப்பதற்குள் பின் சீட்டிலிருந்து ஒருத்தி, “அண்ணா, ஆரம்பி ஆரம்பி, நாங்க மிச்சத்தப் பாத்துக்கறோம்” என்றாள். ஆரம்பித்தேன். வேனே இரண்டாம் பாதியைச் சொன்னது. அதில் அதிகச் சத்தமாகச் சொன்னவள் கழுத்தில் மாரியம்மன் டாலர் தொங்கியது. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்தவளாம். ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை. கேட் திறந்தது. டூவீலர்க்காரன் பயந்துபோய் எங்களை முதலில் போகவிட்டான்.

வீட்டில் இனிமேல் அவளை வைத்து இரண்டாம் பாதியைச் சொல்ல வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். தனியாக, இரண்டு பாதியையும் நானே சொல்லப் பழகினேன். வேனைக் காலி செய்துவிட்டு, மதகடிப்பட்டில் டீ குடித்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. அப்போதுதான் அந்த இரண்டாம் பாதியில் என்ன இருக்கிறது என்று காதில் விழுந்தது. பாவிகளாகிய எங்களுக்காக இப்பொழுதும், எங்கள் மரண வேளையிலும் வேண்டிக்கொள்ளும் என்று வருகிறது அது. நான் எதற்குப் பயந்து செக்யூரிட்டியோடும் செருப்போடும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேனோ, அதைக் கூட்டம் இத்தனை வருஷமும் என் எதிரிலேயே சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நேரத்தில் நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெளிச்சம் வந்தது, பாரம் இறங்கியது என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்த வார்த்தை வரும் இடத்தில் நாக்கு கொஞ்சம் தயங்கும், பிறகு தாண்டும். தாண்டினால் அந்தப் பக்கம் யாரோ ஒரு அம்மா கேட்டுக்கொண்டிருப்பதாக ஒரு எண்ணம், அவ்வளவே. ஆனால் ஒன்று கவனித்தேன். முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் கோபம் தணிவதில்லை. கத்த வேண்டிய நேரம்தான் தாண்டிப்போய்விடுகிறது, பஸ்ஸைத் தவறவிட்டது போல. ஸ்டாப்பில் பயம் மட்டும் மிஞ்சி நிற்கிறது. அதோடு சேர்ந்து நானும் நிற்க வேண்டியதாக இருந்தது. நின்றேன்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் மருந்து ஏற்றியிருந்தார்கள். அன்று எங்கள் தெருவில் சிலுவைப்பாதை. இயேசு சிலுவை சுமந்த வழியை நினைத்து நிற்கும் பதினாலு தலங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு. அந்த வீட்டு வாசலில் மேஜை போட்டு, சிலுவை வைத்து, மெழுகுவத்தி ஏற்றியிருப்பார்கள். கூட்டம் வீடு வீடாக நின்று செபித்துக்கொண்டு போகும். மைக் என் கையில். வெயில் மண்டையைப் பிளந்தது. மைக் செட்காரன் மூன்று சக்கர வண்டியில் பெட்டியை வைத்துவிட்டு, போனில் எதையோ பார்த்துக்கொண்டே வந்தான். மைக் ஒவ்வொரு தலத்திலும் கிய்யென்று ஊளையிட்டது. சாமியார் என்னை முறைத்தார். நான் செட்காரனை முறைத்தேன். எல்லாத் தப்பும் எனக்குத் தெளிவாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

ஆறாவது தலத்துக்குப் போகும் வழியில் வயர் அறுந்து, செட்காரன் அதை முறுக்கி ஒட்டிக்கொடுக்க, நான் மைக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஹலோ சொல்லப்போகிற நேரம். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். முகத்தில் வேர்வையே இல்லை. அந்த வெயிலில்.

“எனக்கு ஜொரம் மாரி இருக்குதுங்க.”

மைக்குக்கு உயிர் வந்திருந்தது. வண்டிக் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய் வழியாகத் தெரு முழுக்கக் கேட்டது. தெருவே நின்றது. முக்காடு போட்ட பெண்கள், சிலுவை தூக்கியவர், சாமியார், எல்லோரும் என் வாயைத்தான் பார்த்தார்கள். அண்ணியின் உதடு அசைந்தது; இரண்டாம் பாதிக்குத் தயாராக இருந்தார் போல.

செபம் எனக்கு ஞாபகம் வரவில்லை. கோபமும் வரவில்லை. காதில் கிய்யென்ற சத்தம் மட்டும் இருந்தது. அது மைக்கா நானா தெரியவில்லை. மைக்கை உபதேசியார் கையில் கொடுத்தேன். அவள் நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது.

“எப்பலேர்ந்து?”

“காலையிலேர்ந்து லேசா. இப்பதான் ஏறுது. கோயிலுக்குப் போற நேரத்துல சொல்லணுமான்னு பாத்தேன்” என்றாள். கொஞ்சம் நிறுத்தி, “சொல்லிடலாம்னு வந்துட்டேன்” என்றாள்.

“வா.”

அவ்வளவுதான் சொன்னேன். கம்பெனி வேன் லீவுக்கு எங்கள் வீட்டு ஓரத்தில்தான் நின்றிருந்தது. சொந்த வேலைக்கு எடுக்கக் கூடாது, எடுத்தேன். அவளை முன் சீட்டில் உட்கார வைத்தேன். பின்னால் எங்களுக்காகத் தெரு செபம் சொல்வது ஒலிபெருக்கியில் கேட்டது. ரோட்டுக்கு வந்ததும் அதுவும் நின்றுபோனது.

என் கை ஸ்டியரிங்கில் இருந்தது. அது என் கையாகவே தெரியவில்லை. பக்கத்தில் அவள் பேச ஆரம்பித்தாள்.

“ரெண்டு நாளா வாயில புண்ணு. சொல்லல.”

“ம்.”

“அன்னிக்கி பாத்ரூம்ல வுழுந்துட்டேன். முட்டி வீங்கிச்சு. நீங்க டிரிப்புக்குப் போயிருந்தீங்க.”

“ம்.”

“மாத்தரை ஒரு வேளை போட மறந்துட்டேன். போட்டேன்னு சொன்னேன்.”

“ம்.”

ஆஸ்பத்திரி வாசலில் அதே செக்யூரிட்டி. என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார். நான் வேனைக் கோணல் கோட்டுக்குள் கோணலாகவே நிறுத்தினேன். டாக்டர் அம்மாவே டியூட்டியில் இருந்தார். ரத்தம் எடுத்தார்கள், உடனே மருந்து போட்டார்கள். “டயத்துக்கு வந்துட்டீங்க” என்றார். ஈஸ்டரை நாங்கள் அந்த வார்டில்தான் கழித்தோம். அதற்கப்புறம் அவளுக்கு மருந்து இன்னும் பாக்கி இருந்தது. இன்றைக்கும் செக்கப்புக்குப் போகிறோம்.

அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை சாயந்திரம், அவளுக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது நான் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமா என்று கேட்டால் இல்லை. நிம்மதியா என்றால் அதுவும் சரியான சொல் இல்லை. வெயிலில் ரொம்ப நேரம் நின்றவனை யாரோ நிழலில் இழுத்துவிட்டது போல, அவ்வளவு. அவள் கண்ணை மூடிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, கேக்குதா?”

“கேக்குது, சொல்லு.”

“பொண்ணு கல்யாணத்துக்குக் கோயில்லேர்ந்து வாங்கியாந்த அண்டாவ நசுக்கினது நான்தான். எலின்னு சொன்னேன்.”

எலி எப்படி அண்டாவை நசுக்கும் என்று அப்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது. ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

“அப்பறம்?” என்றேன்.